மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் இரண்டு தாள்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் மனைவி, வாண்டு மூன்று பேரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரமாகப் போன் செய்து பார்த்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் என்றால் நீ ஒன்று சொல்ல, நான் இரண்டு சொல்ல, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. வேண்டுமானால் கிழித்துப் போடலாம். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

வாண்டுக்குச் சளி விட்டதா? காதில் சீழ் வருவது நின்றதா? நான் வந்த அன்றைக்கு உன் மனைவி அந்த நீளமுனைப் புட்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடக்காகப் பால் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு புட்டி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதிலும் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. மேல்வாய்ப் பிளவு மட்டும் என்றால் எப்போதோ தைத்திருப்பார்கள். இரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கசிந்தால் இரத்தம் நிற்காத குறை மட்டும் என்றால் பத்திரமாகப் பார்த்து வளர்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்ததால்தான் ஆப்பரேஷன் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. இன்னும் தள்ளினால் பேச்சு திருந்தாது என்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். எனக்கும் தெரியும், ஒரு நாளும் மறக்கவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயமானது. ஆசையைக் கிளப்பிவிட்டது நான்தான். அவள் பிறந்த மாதம் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "இவளுக்கு ஆப்பரேஷன் வர்றதுக்குள்ள என் தாள் வந்துடும், பயப்படாதே" என்று சொன்னேன். தட்டணுக்களின் உதவியே இல்லாமல் இரத்தத்தை உறைய வைக்கிற மருந்து. அதை மெல்லிய தாளாக்கி, தைத்த இடத்தில் ஒட்டிவிட்டால் இரத்தம் நிற்கும், பத்து நாளில் தானே கரைந்துபோகும். ஒன்பது வருடம் அதற்கே செலவானது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, எல்லோரும் 'தாள்' என்றுதான் சொல்கிறோம். பெரிய முயல்கள் இருபதுக்குப் போட்டோம். இருபதும் பிழைத்தன. அந்தத் தெம்பில்தான் வாயை விட்டேன்.

பிறகு குட்டி முயல்களுக்குப் போட்டுப் பார்த்தோம். மருந்து குழந்தைகளுக்கு என்பதால் அதைச் செய்தே ஆக வேண்டும். பதினாலு குட்டிகளில் இரண்டு செத்துப்போயின. எங்கள் தலைவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மயக்க மருந்து தாங்கல. குட்டின்னா அப்படித்தான்" என்றார். நானும் அப்படியே எழுதியிருப்பேன். முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் இருக்கிறார், 'முயலம்மா' என்றுதான் கூப்பிடுவோம். கூண்டைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "மயக்கம் தெளிஞ்சு தீனி தின்னுச்சும்மா. ரெண்டும் தின்னுச்சு. அதுக்கு அப்புறம்தான் செத்துச்சு."

மயக்க மருந்து தாங்காத முயல் எழுந்து தீனி தின்னாது. நுரையீரலை மெல்லிய சீவலாக அரிந்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. அதன் நடுவில் என் தாளின் துணுக்கு. குட்டிகளின் சதை மெத்தென்று இருக்கிறது. துணுக்குகள் உதிர்ந்து இரத்தத்தோடு நுரையீரல்வரை போய், அங்கே உட்கார்ந்து இரத்தத்தை உறைய வைத்துவிட்டன. நான் எதைச் செய்யச் சொல்லி அதை உண்டாக்கினேனோ, அதையே செய்திருக்கிறது.

இதை நான் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலை. அன்று மதியம்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்ததை எழுத இரண்டு நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நான் வந்தபோது என் பையில், மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டு தாள்கள் இருந்தன. வியாழக்கிழமையே யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்தேன். உங்கள் சர்ஜனம்மாவிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாம், இல்லையென்றால் உன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று எண்ணம். நுண்ணோக்கியில் அந்தக் கட்டியைப் பார்த்த பிறகும் பெட்டியைத் திரும்ப வைக்கவில்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பதினாலில் பன்னிரண்டு பிழைத்ததே, நம் பிள்ளை அந்தப் பன்னிரண்டில் ஒன்றாக இருக்கக்கூடாதா என்று. இருபது வருடம் ஆராய்ச்சி செய்தவளின் கணக்கு அது.

சாப்பிட உட்கார்ந்தோம். நீ கேட்டாய். நான் தர முடியாது என்றேன். "ஊர்ல உள்ள முயலுக்கெல்லாம் போடுவ, என் பிள்ளைக்குப் போட மாட்டியா?" என்றாய். மேசைக்குக் கீழே பை என் காலில் சாய்ந்திருந்தது. நான் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்திருந்தால் நீ இன்னும் ஒரு தடவை கேட்டிருப்பாய். இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதனால்தான் சோற்றில் வைத்த கையோடு எழுந்து போனேன். உன் மேல் கோபித்துக்கொண்டு போனதாக நீ நினைத்திருப்பாய்.

போன வருடம் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போய் நான்கு நாள் பூட்டிவைத்தாயே, நினைவிருக்கிறதா? குடியிருப்பவர்கள் எல்லோரும் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டு உன்னைத் திட்டினார்கள். "நூறு தடவை நின்னுச்சு, ஒரு தடவை நழுவிச்சு. அந்த ஒரு தடவையில யார் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்று என்னிடம் சொன்னாய். எனக்கு யார் இருப்பார் என்று தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களையும் தலைவர் மேசையில் வைத்தேன். எடுத்ததையும் சொன்னேன், நுரையீரலில் பார்த்ததையும் சொன்னேன். மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டிருந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் மேல் விசாரணை. ஆறு வாரத்துக்கு ஆய்வுக்கூடத்துக்குள் போகக்கூடாது என்று உத்தரவு. வீட்டில் சும்மா இருக்கிறேன், பதினைந்து வருடத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு.

சர்ஜனம்மா பழைய முறையிலேயே செய்கிறேன் என்று அடுத்த மாதம் பதினெட்டாம் தேதியைக் குறித்திருப்பதாக உன் மனைவி செய்தி அனுப்பியிருந்தாள். தள்ளிப் போடாதே. தட்டணுக்கள் தயாராக இருக்கின்றனவா என்று மட்டும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். ஏற்றிய தட்டணுக்களோடு சண்டை போட அவள் உடம்பு கற்றுக்கொள்ளக்கூடாது, அதனால் பொருத்தம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இரத்தம் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் வந்தால் பொருத்தம் கிடைப்பது சுலபம்.

அன்று நான் வருகிறேன். வராதே என்று ஒரு வரி வந்தால் வரமாட்டேன். ஒன்றும் சொல்லாவிட்டால் வரச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா


அன்புத் தம்பிக்கு,

நேற்று உன் மனைவி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வாண்டு தட்டை உதறிவிட்டு முகம் முழுக்கக் கஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறாள். மூக்கில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

ஆஸ்பத்திரியில் நான் இருந்த இரண்டு நாளில் நாம் பேசிக்கொண்டது பத்து வாக்கியம் இருக்காது. அதனால் மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

உன்னோடு லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் ஒன்பது பேர் கறைபடிந்த சட்டையோடு வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அவர்களில் ஒருவருடையது வாண்டுக்குப் பொருந்தியது. அந்தக் கட்டைமீசைக்காரர். பொருந்திவிட்டது என்று தெரிந்ததும் ஏதோ பரீட்சையில் தேறியதுபோல மீசையைத் தடவிக்கொண்டார். வரிசையில் நானும் நின்றேன். சோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கே இரத்தம் போதவில்லை, போய் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இருபது வருடம் இரத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இந்த மரியாதை.

ஆப்பரேஷன் நடக்கும்போது நீ அறை வாசலில் நிற்கவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். "கம்பி உரசுது. யாரும் பார்க்கறதில்லை போல" என்று யாரிடமோ சொன்னாய். அதனால் உள்ளே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. பிறகு நர்ஸம்மா என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். தைத்து முடிக்கும் தறுவாயில் மேல்வாயின் பின்பக்கத்திலிருந்து இரத்தம் கசிய ஆரம்பித்தது. தட்டணுக்கள் ஏற்றியும், மருந்து கொடுத்தும் கசிவு நிற்கவில்லை. சர்ஜனம்மா பஞ்சுத்துணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. கை மாற்றவும் இல்லை. நாற்பது நிமிடம். "டாக்டர், நான் பிடிச்சுக்கட்டுமா" என்று நர்ஸம்மா இரண்டு முறை கேட்டிருக்கிறார். "விரலை எடுத்தா மறுபடி முதல்லேர்ந்து. வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். நாற்பதாவது நிமிடம் விரலை எடுத்தபோது துணி சிவந்திருந்தது, காயம் சிவக்கவில்லை. வெளியே வந்து அந்த அம்மா உன்னோடு பேசும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாரே, அது இதனால்தான்.

நான் ஒன்பது வருடம் உழைத்து உண்டாக்கியது அந்தக் கட்டைவிரலுக்கு மாற்றாகத்தான். இன்னும் அது அந்த விரல் அளவுக்கு வரவில்லை.

இரண்டாம் நாள், வாண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது, நீ என் பக்கம் திரும்பாமலே ஒன்று கேட்டாய். "அந்த முயல் ரெண்டும் வலியிலயா செத்துச்சு?" அப்போதுதான் நீ என் கடிதத்தைப் படித்திருக்கிறாய் என்று தெரிந்தது. "இல்லடா, தூங்கற மாதிரிதான்" என்றேன். அது பொய். முயலம்மா பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். மூச்சுக்குத் தவித்தன. ஏழெட்டு நிமிடம். அவர் ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு முன்னால் அதை என்னால் உன்னிடம் சொல்ல முடியவில்லை. ஆனால் இனிமேல் உன்னிடம் எதையும் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை மிச்சமிருப்பதாகச் சர்ஜனம்மா சொன்னதை உன் மனைவி எழுதியிருந்தாள். அழுதாளாம். அந்த இடத்தில் விரல் அழுந்தியதால் தையல் ஒன்று விட்டிருக்கும். அழுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவளிடம் நீ பக்குவமாகச் சொல். நான்கைந்து வயதில் இன்னொரு சின்ன ஆப்பரேஷன் வேண்டியிருக்கலாம். அதுவரை பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்காகக் கூட்டிப் போங்கள். இப்போது அவள் வாயில் காற்று நிற்கும். உதடு சேர்த்துச் சொல்கிற எழுத்துகள் முதலில் வரும் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்வார்.

என் விசாரணை முடிந்தது. கண்டித்து எழுதியிருக்கிறார்கள், நியாயமாகத்தான். தாள் ஆராய்ச்சியை இனி நான் தலைமை தாங்கி நடத்த முடியாது. என்னைவிட வயதில் சின்ன ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்கள், கெட்டிக்காரி. துணுக்கு உதிராதபடி நூலாகப் பின்னிப் பார்க்கலாம் என்கிறாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறேன். முதல் நாள் கொஞ்சம் குறுகுறுவென்று இருந்தது. இப்போது பழகிவிட்டது.

கடைசியாக ஒன்று. புதுத் தாளை எந்த உயிர்மேலும் வைப்பதற்கு முன்னால் கண்ணாடிக் குழாயில், தட்டணுக்கள் ஒட்டாத இரத்தத்தில் சோதிக்க வேண்டும். அப்படிப்பட்ட இரத்தம் உள்ள பிள்ளைகள் எங்களுக்குத் தெரிந்து மூன்றே பேர். அதில் ஒருத்தி வாண்டு. பரிசோதனைக்காக அவளுக்கு எப்படியும் இரத்தம் எடுக்கிறார்களே, அதில் மிச்சமாகும் இரண்டு தேக்கரண்டி போதும். இதற்காகத் தனியாகக் குத்த மாட்டார்கள். நான் உறவு என்பதால் உன்னிடம் நான் கேட்கக்கூடாது. எங்களோடு சம்பந்தமில்லாத ஒரு டாக்டர் உன்னைக் கூப்பிட்டு எல்லாம் விளக்கிவிட்டுக் கேட்பார். இந்த வரிகளை எழுதவா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வற்புறுத்தாமல் எழுதுங்கள் என்றார்.

அதனால் சரி என்று சொல் என்றும் கேட்கமாட்டேன், மாட்டேன் என்று சொல் என்றும் கேட்கமாட்டேன். நீயும் உன் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். இதனால் வாண்டுக்கு ஒரு பலனும் இல்லாமல் போகலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் மேல் இருக்கும் கோபத்தில் மாட்டேன் என்று சொல்லிவிடாதே. என் மேல் இருக்கும் பாசத்தில் சரி என்றும் சொல்லிவிடாதே.

பாசம் என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.

வாண்டு வாய் நிறையப் பேசி, உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்டு, நீ பதில் தெரியாமல் முழிக்கிற நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா