பரம்பரைப் படத்தில் மூன்று பேர்

கிளென் வேவர்லி, மெல்பேர்ன்
14.5.2006

அன்பு மகன் சிறிதரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் நீ குறை வைத்துவிட்டாய். நீ சிட்னியில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் இங்கிலிசில் தர்க்கம் பண்ணுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு பக்கத்தாரையும் சேர்த்துப் பரம்பரைப் படம் கீறித் தருகிறேன் என்றாய், சந்தோஷப்பட்டேன். என் பாட்டியின் பாட்டியுடைய சீதன உறுதிப் பத்திரத்தைக் கொழும்புச் சுவடிக்கூடத்தில் தேடி எடுத்ததற்கும் மெச்சினேன். அதில் வயல், பனங்காணி, கிணற்றுப் பங்கு என்று எழுதிய கையோடு ஒரு பெண்ணையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் சீதனமாக எழுதியிருந்தால், வாசித்துவிட்டு மடித்து வைக்கிறதுதானே. அந்த மூன்று பேரையும் எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் எழுதி, கீழே அடிமைகள் என்றும் போட்டு, இருநூறு பேர் வந்த மண்டபத்தில் தொங்கவிட உனக்கு என்ன விண்ணாணம்? சாப்பிட்ட கை காய முதலே எல்லாரும் அதைத்தான் கதைத்தார்கள். அப்பாவின் மச்சான் ஆனந்தராஜா, "என்ன யோகராணி, உங்கட ஆக்கள் ஆக்களையும் சீதனம் குடுத்தவையோ" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவர் வீட்டு உறுதியைக் கிளறினால் தெரியும், அங்கே எத்தனை பேர் என்று. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட ஏலாது. அந்தக் காலத்தில் வசதியுள்ள எல்லாரும் செய்தது. நான் யாரையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, இருபது வருடம் ஃபாக்டரியில் கால் கடுக்க நின்று உன்னைப் படிப்பித்தவள்.

செவ்வாய்க்கிழமை கிரான்பர்னில் இருந்து நாகேஸ்வரி வந்தாள். ஊரில் அவளுடைய ஆட்கள் வழிவழியாக எங்கள் வளவில் வேலை செய்தவர்கள், இங்கே அவள் நேர்ஸ். "அக்கா, பூட்டிக்கு முந்தி எங்கட ஆக்கள் ஆரெண்டு எங்களுக்கு ஒரு பேரும் தெரியாது. தம்பியின்ர படத்தில இருக்காம், ஒருக்காப் பாக்கலாமோ" என்று கேட்டாள். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன், அவ்வளவு பொல்லாதவள் இல்லை நான். பேப்பர் கப்பில்தான் கொடுத்தேன், பிறந்தநாளுக்கு வாங்கியதில் மிஞ்சிக் கிடந்தது, அதையும் ஒரு குற்றமாக எடுக்காதே. படம் கிழிந்துவிட்டது, மகன் பிழையாக எழுதிவிட்டான், உறுதியில் அப்படி ஒரு பேரும் இல்லை என்றேன். அவள் தேத்தண்ணியைத் தொடவில்லை. "சரி அக்கா, நான் தம்பியையே கேக்கிறன்" என்றுவிட்டு எழும்பிப் போனாள்.

அவள் உனக்குப் போன் எடுப்பாள். நீயும் இல்லை என்றே சொல்ல வேண்டும். காணியா கேட்டாள், காசா கேட்டாள், ஒரு பேர்தானே என்று நீ என்னோடு மல்லுக்கு வருவாய், எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னவள் நான். நீ ஓம் என்றால் உன் தாய் பொய்க்காரி. நீ யாருக்குப் பிள்ளை என்று யோசித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குள் திரியாதே. நல்லூர்க் கந்தன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். அவள் கேட்கும்போது மறந்துபோய் வாயை விட்டுவிடாதே, கதிரி என்று ஒருத்தி எங்கள் வளவில் இருக்கவே இல்லை.

உன் அம்மா
யோகராணி