கல்மன் என்ற பெயர்

லுப்ளின்,
3 மார்ச் 1946

அன்புத் தங்கை ரைசலுக்கு,

கையெழுத்தைப் பார்த்து மயங்கி விழாதே. நான்தான். உயிரோடு இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை.

1935-இல் டெல் அவிவில் நடந்த யூதர்களின் விளையாட்டுப் போட்டிக்கு என்னோடு கப்பலேறியவள் நீ. அங்கேயே தங்கிவிட்டாய். நான் நூறு மீட்டர் ஓட்டப் பட்டம் கைவிட்டுப் போய்விடுமே என்று போலந்துக்குத் திரும்பினேன். "பத்து செகண்ட் ஓடுறதுக்காகவா அண்ணா போறே?" என்று துறைமுகத்தில் கத்தினாய். அதன்பிறகும் இரண்டு தடவை ஜெயித்தேன்.

நாஜி முகாமில் காவலாளி ஒருவன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஓட்டக்காரன் கல்மனா நீ? உன் பந்தயத்தைப் பாத்திருக்கேன்டா!" என்று சிரித்தான். சாவுக்குப் பிரித்த வரிசையிலிருந்து இழுத்து என்னைச் சமையலறைக்கு அனுப்பினான். அப்பா வரிசையிலேயே நின்றார். அவர் பெயர் யாருக்கும் தெரியாதே. தூங்கப் போனால் அவர் முதுகுதான் தெரிகிறது.

இடது காலில் இரண்டு விரல்கள் பனிக்குப் போய்விட்டன. ஆனாலும் தெருவில் யாராவது "கல்மன்!" என்று கூப்பிட்டால் நிமிர்ந்துதான் நடக்கிறேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி தரச் சொல்லி விளையாட்டுச் சங்கத்தார் கேட்கிறார்கள். என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

உன்னிடம் வந்துவிடட்டுமா?

உன் அண்ணன்,
கல்மன்

ஹைஃபா,
2 ஏப்ரல் 1946

என் அருமை அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தேன். அப்பாவோடு உன்னையும் லாரியில் ஏற்றியதைப் பார்த்ததாக ஒருவர் சொல்ல, நம் வழக்கப்படி ஏழு நாள் தரையில் உட்கார்ந்து உனக்காக அழுது முடித்தவள் நான்.

மறுவருடம் பையன் பிறந்தான். கல்மன் என்று பெயர் வைத்தேன். உயிரோடு இருப்பவர் பெயரை நம்மவர்கள் பிள்ளைக்கு வைப்பார்களா? நீ போய்விட்டாய் என்று நம்பித்தானே வைத்தேன், பாவி!

உன் கடிதம் வந்த அன்றே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாளாகிறது. மாமியார் கையைப் பிசைகிறார். "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா சாவுத் தூதன் யாருன்னு பாத்துகிட்டா இருப்பான்? கைக்கு எட்டினதைத் தூக்கிட்டுப் போவான்டி. பேரை மாத்து!" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. மாற்றினால் உன்னை இன்னொரு தடவை புதைத்த மாதிரி ஆகாதா?

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது. என்னைத் திட்டு அண்ணா.

உன் ரைசல்

லுப்ளின்,
29 ஏப்ரல் 1946

அன்பு ரைசல்,

உன்னை எதற்குத் திட்ட வேண்டும்? மாமியார் சொல்வது சரிதான். ஆனால் பிள்ளையின் பெயரில் கை வைக்காதே.

சாகக் கிடப்பவனுக்குப் புதுப் பெயர் வைத்துத் தூதனை ஏமாற்றுவது நம் வழக்கம்தானே? அதை எனக்குச் செய்துகொண்டேன். இந்த ஊரில் ஜெபத்துக்கு வேண்டிய பத்து யூத ஆண்களைத் திரட்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அவர்கள் கூடி எனக்கு ஆல்ட்டர் என்று பெயர் வைத்தார்கள். கிழவன் என்று அர்த்தம். முப்பத்தாறு வயதில் கிழவனாகிவிட்டேன், சிரித்துக்கொள். சங்கத்தாரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் கல்மன்தான் வேண்டும்.

பையன் தேறியதும் எழுது. ஆல்ட்டர் வரலாமென்றால் வருகிறேன். பயமாக இருந்தால் அதையும் எழுது, வருத்தப்பட மாட்டேன்.

நேற்று மைதானத்துப் பக்கம் போயிருந்தேன். என் பந்தயங்களையெல்லாம் துப்பாக்கி சுட்டுத் தொடங்கிவைத்த பெரியவர், பார்வை மங்கிப்போய், வேலியோரம் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும், "யாரு, நம்ம கல்மனா?" என்றார்.

"இல்ல ஐயா. அவன் செத்துட்டான்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

உன் அண்ணன்,
ஆல்ட்டர்