பெரியம்மாவின் கண்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நலம். அப்பாவின் இடது கை இன்னும் அசையவில்லை. பேச்சு மட்டும் பழையபடி திரும்பிவிட்டது. மருந்து கொடுக்க வரும் நர்ஸை வம்புக்கு இழுக்கிறார்.

பெட்டி வந்தது. நாடகத்தில் சாட்சி சொல்லும் மரத்தலை, உங்கள் குழுவே ‘பெரியம்மா’ என்று கூப்பிடும் அவள், மூக்கு தேய்ந்து வந்திருக்கிறாள். பேசுகிறாள், கண் எரியவில்லை, பார்த்து உடனே அனுப்பு என்று எழுதியிருந்தாய்.

கோளாறு சின்னதுதான். குரலை ஒலிக்கும் சவுண்ட் போர்டிலிருந்து, கண்ணை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகும் மெல்லிய ஒயர் அறுந்திருந்தது. ஒலி ஓடும்போது அதில் மின்னழுத்தம் இறங்கும். ஓய்ந்தால் ஏறும். இறங்கினால் கண்ணை எரியவிடு, ஏறினால் அணை. நான் எழுதிய நிரல் அவ்வளவுதான். ஒயர் அறுந்துவிட்டால், அவள் எப்போதும் மௌனம் என்றே நிரல் நினைத்துக்கொள்ளும்.

முதலில் வசனத்தின் நேரத்தை அளந்து நிரலில் எழுதினால் போதும் என்றாய். நான் அவள் வசனத்தை என் குரலில் நிதானமாக மறுபடி பதிவு செய்தேன். நீ நேரத்தை மாற்ற மறந்தாய். பாதிப் பேச்சில் கண் அணைந்தது. தூங்கிருச்சுப்பா என்றார் பின்வரிசையில் ஒருவர். அதன் பிறகு வந்ததுதான் இந்த ஒயர். என் பிடிவாதம்.

ஸ்பீக்கரைக் கழற்றிவைத்துத்தான் நான் சோதிப்பேன், அப்பா தூங்குவாரென்று. கண்ணைப் பார்த்தால் போதும். இந்தப் பழக்கம் உனக்குத் தெரியும். இந்த முறை அப்பா விழித்திருந்தார். மேடையில் பேசும் மகளைக் கேட்க வேண்டும் என்றார். ஸ்பீக்கரை மாட்டி, தலையைக் கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

கண் எரிந்தது. வேறொருத்தி பேசினாள்.

முழுவதும் கேட்டோம். முடிந்ததும் கண் அணைந்தது. சரியாக. அப்பா சற்றுக் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "இது யாரும்மா? நீ எப்ப பேசுவ?"

ஸ்பீக்கர் கெட்டுக் குரல் மாறிவிட்டது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது நீ சொன்னாய்: "நீ வரலைன்னா என்ன, உன் குரல் ஊர் ஊரா வருதே." அதை நம்பித்தான் குழுவோடு கிளம்பக் கட்டிய பையை அவிழ்த்தேன். போன கடிதத்தில்கூட, ‘உன் வசனத்துக்கு ஒரே கைதட்டல்’ என்று எழுதியிருந்தாய். கைதட்டல் உண்மையாக இருக்கலாம்.

குரலை மாற்ற என்னிடம் நீ எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒலிக்கோப்பை மாற்றினால் முடிந்தது. நேரம் அளக்க வேண்டாம். நிரலைத் தொட வேண்டாம். பேச்சு நடக்கிறதா என்று மட்டுமே அந்த ஒயர் சொல்லும். பேசுவது யாரென்று சொல்லாது. அப்படிச் செய்து கொடுத்தது நான்தான்.

தலையை இன்றே அனுப்புகிறேன். என் பதிவு கணினியில் இருக்கிறது. போடவில்லை. அந்தப் பெண் நன்றாகவே பேசுகிறாள். கடைசி வரிக்கு முன் அவசரப்படுகிறாள். நின்று பேசச் சொல். எவ்வளவு நேரமானாலும் கண் காத்திருக்கும்.

அறிவிப்புத் தாளில் என் பெயர் இன்னும் இருந்தால் எடுத்துவிடு.

அப்பாவிடம் மட்டும் நீயே வந்து சொல். காலையில் கண் விழித்ததும், ஸ்பீக்கர் சரியாயிடுச்சா என்று கேட்கிறார்.

நாடகம் நன்றாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை