அந்தரத்தில் நிற்பவள்

நல்லம்பள்ளி,
14.07.2025, திங்கட்கிழமை.

அன்பு மாப்பிள்ளை முருகேஷ் அவர்களுக்கு, மாமனார் தீர்த்தகிரி நலம் விழைந்து எழுதுவது.

தாங்கள் ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பதாகத் தங்கள் நண்பர் மாதவராஜ் சென்ற வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி, வந்து சொன்னார். உயிருடன் இருக்கிறீர்கள் என்ற அளவில் நிம்மதி. தங்கள் கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லாததால் இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

19.02.2024 அன்று பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய்வருவதாக என் மகள் வெண்மதியிடம் கூறிப் புறப்பட்டீர்கள். கேட்டவர்களிடம் சித்திரை பிறந்ததும் வருவார் என்றேன், பிறகு தீபாவளி என்றேன், பிறகு பொங்கல். இப்போது டீக்கடையில், "வாத்தியாரே, மாப்ள எந்தத் தேதிக்கு வர்றாருங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இம்மாதம் 6ஆம் தேதி பங்காளி பெரியண்ணன் மகள் கனிமொழிக்கு நலங்கு. சுமங்கலிகள் வரிசையில் வெண்மதியும் சந்தனக் கிண்ணத்தில் விரல் வைத்தாள். கனிமொழியின் பாட்டி செல்லம்மாள் அவள் கையைப் பிடித்து, "நீ இருடி, அப்பறமா வெக்கலாம்" என்றாளாம். "கழுத்துல தாலி இருக்குதில்ல, வெக்கட்டும் வுடுங்க" என்று பக்கத்து வீட்டுப் பானுமதி பரிந்திருக்கிறாள். "தாலி இருக்குது, கட்டுனவன் எங்க இருக்கறான்? அந்தரத்துல நிக்கறவ கையால வேண்டாம்" என்றாளாம் செல்லம்மாள். வெண்மதி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சமையல் பந்தலில் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

பழக்க தோஷத்தால் அகராதியைப் புரட்டினேன். 'அந்தரம்' வடமொழி வழி வந்தது. இடை, நடு என்பது அதன் மூலப்பொருள். தமிழில் இடைவெளிக்கும் வானத்துக்கும் பெயராகி, பிடிமானம் அற்ற நிலையையும் குறிக்கலாயிற்று. அவளிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்குப் புக்கு எதுக்குங்கப்பா? அதான் நான் இருக்கறனே" என்றாள். அகராதியை மூடி வைத்துவிட்டேன்.

ஏன் போனீர்கள் என்று கேட்கமாட்டேன். வரும் ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு. பெண்கள் தாலிக்கயிறு மாற்றும் நாள். சென்ற ஆண்டு அவளே புதுக்கயிறு வாங்கிவந்தாள். இவ்வாண்டு நான் வாங்கட்டுமா என்றதற்கு, "இருங்கப்பா, பாக்கலாம்" என்றாள். பழைய கயிறு நைந்து, ஊக்கு குத்தியிருக்கிறாள்.

வருகிறேன் என்றோ, வரமாட்டேன் என்றோ, மாதவராஜிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். எதுவாயினும் தங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருங்கள்.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, கடை சாத்தும்வரை கயிறு வாங்காமல் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்,
தீர்த்தகிரி