நீ நடத்திய நேர்காணல்

மாப்ள,

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒத்தக்கடையில் என் வீட்டு முன்னறையில், ஒரு லேப்டாப்புக்குள்ளிருந்து உன் குரலைக் கேட்டேன். முகம் தெரியவில்லை, கேமராவை மூடி வைத்திருந்தாய். பக்கத்து வீட்டு ரம்யா பி.காம். முடித்தவள், அவள் வீட்டில் நெட் சரியாக வராது என்று ஆன்லைன் இன்டர்வியூவுக்கு இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனி சென்னையில் என்று சொல்லியிருந்தாள், அதனால் நானும் துருவிக் கேட்கவில்லை. பேரைச் சொல்லச் சொன்னதும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது அந்தக் குரல் சொன்னது: "பதறாதீங்கம்மா. ரெண்டு கையையும் டேபிள் மேல வைங்க. பேரு உங்க பேருதானே, அதச் சொல்ல என்ன பயம்?"

காபி டம்ளரை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை அப்படிச் சொல்கிறவன் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தன்தான்.

டிகிரியை முடித்துவிட்டு நாம் இருவரும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய காலத்தில், பேரைச் சொல்லச் சொன்னாலே எனக்கு வேர்த்துக் கொட்டும். திருநகரில் என் மாமா வீட்டு மொட்டை மாடியில், கைலிக்கு மேல் மாமாவின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு நீ மேனேஜராக உட்காருவாய். நீ தொண்டையைக் கனைக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். "சிரிக்காதடா எருமை. கைய டேபிள் மேல வையி. பேரு ஒன் பேருதானே, அதச் சொல்ல என்ன பயம்?" என்பாய். டேபிள் ஏது, கவிழ்த்துப் போட்ட தண்ணீர் டிரம்தான். அதில் கை வைத்துப் பேசிப் பழகித்தான் எனக்கு இந்த இன்சூரன்ஸ் வேலை கிடைத்தது.

சொல்லிக்கொடுத்த உனக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று உனக்கு அழைப்பு வந்தபோது உன்னைவிட நான் அதிகம் குதித்தேன். முதல் சுற்றில் போனில் கேட்ட கேள்விகளை நீ வந்து சொன்னாய். டைப்பிங் வேகம் கேட்டார்கள், சரி. முன்பின் தெரியாத ஆளிடம் எவ்வளவு நேரம் இனிக்க இனிக்கச் சாட் பண்ணுவாய் என்றும் கேட்டார்களாம். வீட்டில் உன்னைத் தேடுகிற ஆள் யார் என்றும் கேட்டார்களாம். "அம்மா மட்டுந்தான் சார், தெனமும் பேசலேன்னா பதறிப் போயிரும்னு சொன்னேன் மாப்ள. அவன் ஒண்ணுமே பேசல" என்றாய்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "கூமுட்டை! அம்மா புள்ளைன்னு நெனச்சிருப்பான்டா. தேட யாரும் இல்ல சார், எம்புட்டு நாள்னாலும் இருப்பேன்னு கெத்தாச் சொல்லு" என்றேன். இந்தத் தடவை நான் மேனேஜராக உட்கார்ந்து, அந்தப் பதிலை உன்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்தேன். முதல் இரண்டு தடவை உன் குரல் இறங்கியது. பத்தாவது தடவை நானே நம்பிவிட்டேன். அடுத்த சுற்றில் அதே கேள்வி வந்தது, நீ அதே பதிலைச் சொன்னாய், உன்னை எடுத்துக்கொண்டார்கள்.

போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் ஒரு போட்டோ அனுப்பினாய். ஜன்னல் முழுக்கக் கம்பி, கீழே பூட்டிய கேட். "பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்கெ மாப்ள. போன்ல ஆளுகள ஏமாத்தச் சொல்றாங்கெ" என்று அதன் கீழே எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு உன் எண் அணைந்தே கிடக்கிறது. புகார் கொடுத்தோம், மனு கொடுத்தோம், அலைந்தோம். மூன்று வருடம் ஓடிவிட்டது. உனக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிடலாம் என்று பேச வந்த சொந்தக்காரர்களை, மேலூரில் உன் அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமையும் அந்தக் கேள்வி வந்தது. "வீட்ல உங்களத் தேடுற ஆள் யாரும்மா?"

ரம்யா வாயைத் திறப்பதற்குள் நான் லேப்டாப்புக்கு முன்னால் போய் நின்றேன். "நான் தேடுவேன். ஒத்தக்கடையே தேடும்" என்றேன்.

உனக்குப் பின்னால் யாரோ புரியாத பாஷையில் அதட்டினார்கள். உன் பேர் என் தொண்டை வரை வந்துவிட்டது. கூப்பிட்டால் உன்னை என்ன செய்வார்களோ என்று விழுங்கினேன். பிறகு நீ சொன்னாய்: "நீங்க செலக்ட் ஆகல. இனிமே இந்த மாதிரி எதுக்கும் அப்ளை பண்ணாதீங்க." திரை கருத்துப்போனது.

"நீங்க குறுக்க வந்ததுனாலதாண்ணே போச்சு" என்று ரம்யா அழுதாள். அவளிடம் உன் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அழுகை நின்றுவிட்டது. "என்னைய விட்டதுக்கு அந்தண்ணன என்ன பண்ணுவாங்கெ?" என்று கேட்டாள். அந்த இன்டர்வியூ லிங்க்கைப் போலீஸில் கொடுத்திருக்கிறேன், விசாரிப்பதாகச் சொல்கிறார்கள். தேட ஆளில்லை என்று உன்னைச் சொல்ல வைத்த பாவி நான். அதற்காகவாவது தேடாமல் விடமாட்டேன்.

மறுநாள் மேலூருக்குப் போனேன். "உசுரோட இருக்கான்மா, கொரலக் கேட்டேன்" என்றேன். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்.

"என்னய்யா வேலை பாக்குறான்?"

அதற்கு நான் பதில் தயார் பண்ணிக்கொண்டு போகவில்லை. "வேலைக்கு ஆள் எடுக்குறான்மா" என்றேன். பொய் இல்லையே.

"எம் மகனா? அவன் மத்தவுகளுக்கு வேலை குடுக்குறானா?"

மூன்று வருடத்தில் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை, மாப்ள. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவரே சத்தமாகச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தன் மகளின் பயோடேட்டாவோடு திரும்பி வந்தார்.

"ஒங்க கூட்டாளிகிட்டச் சொல்லி எம் மகளுக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க தம்பி."

வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது.