ஊறுகாய் ஜாடியில் விடிந்த பொழுது

நேற்று எலக்ட்ரீஷியன் வந்து எங்கள் கூடத்தில் புது டிம்மர் பொருத்திவிட்டுப் போனார். குமிழை இரண்டு விரலால் திருகினால் போதும், விளக்கு மெல்ல மங்குகிறது, மெல்ல ஏறுகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதற்காகத்தானே நீ விளாங்குடியிலிருந்து பசுமலைக் கல்லூரி வரை பஸ்ஸில் உன் வீட்டு ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்!

எழுபதுகளின் கடைசி. கல்லூரியில் நமக்கும் அது கடைசி வருடம். ஆண்டு விழாவுக்கு நீ எழுதிய நாடகத்தில், வீட்டைவிட்டுப் போன மகனுக்காக ஒரு தாய் இரவெல்லாம் காத்திருப்பாள். அந்தத் தாய் நான். முடிவில் எனக்கு வசனமே கிடையாது. நான் வாசலைப் பார்த்தபடி இருக்க, பொழுது மெல்ல விடியவேண்டும், அவ்வளவுதான். "சட்டுனு லைட்டப் போட்டா நாடகமே செத்துச்சுடி," என்றாய்.

கல்லூரியில் டிம்மர் ஏது? பௌதிகம் படித்த நீ ஜாடியில் உப்புத் தண்ணீரை நிரப்பினாய். விளக்குக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு தகடு கட்டினாய். ஒன்று ஜாடியின் அடியில், மற்றது மூங்கில் குச்சியில் மேலே. மின்சாரம் தண்ணீரைக் கடந்துதான் போகவேண்டும். தகடுகள் விலகியிருந்தால் திணறும், விளக்கு மினுங்கும். நெருங்க நெருங்கத் தாராளமாகப் பாயும். ஒத்திகையில் அழகாக விடிந்தது. கைகோத்துக்கொண்டு குதித்தோம்.

விழாவன்று நான் பாதி வசனத்தில் இருக்கும்போதே விடிய ஆரம்பித்துவிட்டது. ஓரக்கண்ணால் திரைக்குப் பின்னால் பார்த்தேன். ரப்பர் செருப்போடு மரப்பெஞ்சில் நின்ற நீ, மேல் தகட்டைத் தூக்கும் மட்டும் தூக்கியிருந்தாய். இன்னும் தூக்கினால் தண்ணீரைவிட்டு வெளியே வந்து விளக்கே அணைந்துவிடும். நாடகம் தொடங்கியதிலிருந்து மின்சாரம் ஓடி ஓடித் தண்ணீர் கொதித்துப்போயிருந்தது. சூடேறினால் அது மின்சாரத்துக்கு இன்னும் வழிவிடும் என்பது அப்போதுதான் உனக்கு உறைத்தது. மேடையெங்கும் நார்த்தங்காய் ஊறுகாய் வாசம் வேறு. குடிதண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு ஜாடியில் ஊற்றினாய். விடிந்த பொழுது திரும்ப இருட்டியது.

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். உன் நாடகம் போச்சு என்று நினைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மேகம் மூடுது. வார புள்ள நனையாம வரணுமே." சிரிப்பு நின்றது. மிச்ச வசனத்தைப் பேசி முடித்தேன். நீ தகட்டை இறக்கினாய்.

திரை விழுந்ததும் ஓடிவந்து, "எப்புடிடி இருந்துச்சு? நான் தகட்டத்தான பாத்துக்கிட்டிருந்தேன்," என்று கேட்டாய். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கேட்டாய். நல்லா இருந்தது என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. போன மாதம் நீ போய்விட்டாய். நான் இத்தனை காலம் கண்ணுக்குள் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன், கேள்.

நீ தகட்டை இறக்க இறக்க, முதலில் என் கால்விரல்கள் தெரிந்தன. பிறகு மடியில் கிடந்த கைகள். பிறகு எதிரே, இருட்டுக்குள்ளிருந்து முன்வரிசை முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லையடி. சிரித்தவள் உட்பட அத்தனை பேரும் தலையைத் திருப்பி, அந்தப் பிள்ளை வருகிறானா என்று அரங்கத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.