எங்கள் வீட்டு மூக்கு

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
14.3.1984

அன்பு மகள் தனத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இன்று சுகத்துக்கும் ஒரு படி மேலே.

பிரெஞ்சு தேசத்திலிருந்து உன் தந்தி வந்தது. பிரெஞ்சில் இருந்ததால் சொல்தா கண்ணையனிடம் ஓடினேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, மெடல் குத்திய கோட்டை மாட்டிக்கொண்டுதான் படிப்பேன் என்று ஒரே அடம். தெருவில் நின்று, "தனம் டாக்டர் பட்டம் வாங்கிட்டா! பெரிய பெரிய ப்ரொபசருங்க ஒத்துக்கிட்டாங்க!" என்று கத்திவிட்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, போ!

எதிர்வீட்டுச் செல்வாம்பாள் உடனே இடுப்புவலிக்கு மருந்து கேட்டாள். மருந்து டாக்டர் இல்லையம்மா, மூக்கு ஆராய்ச்சி என்றேன். உலகம் பனி மூடிக் கிடந்த காலத்தில் ஐரோப்பாவில் இருந்த ஆதிமனிதர்களுக்கு மூக்கு ஏன் அவ்வளவு பெரிது என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். ஐஸ் காற்று நேரே இறங்கினால் நெஞ்சு தாங்காது, பெரிய மூக்குக்குள் சுற்றி வரும்போதே அது சூடாகி ஈரமாகிவிடும், அதுதான் என் மகள் கட்சி என்றேன். மில்லில் நூல் அறுந்துபோகாமலிருக்க நாம் காற்றில் ஈரம் தெளிக்கிறோமே, அதே வேலைதான் என்றதும் மில்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அஞ்சலாட்சி அத்தையும் வந்தாள். மகனுக்கு உன்னைப் பெண் பார்க்க வந்து, "மூக்கா இது, முருங்கக்காயா? வேணாம்ணா" என்று எழுந்து போன அதே என் தங்கைதான். இன்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்து, "எங்க வீட்டு மூக்குடி! எங்க அப்பன் மூக்கு!" என்று தன் மூக்கையே தடவிக் காட்டினாள். கண்ணாடி பார்க்க அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது! உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அத்தை மறுபடியும் பெண் கேட்டாள். அதை என் மகளிடம் கேள் என்றுவிட்டேன்.

அவள் வேண்டாமென்று போன அன்று, துணி கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாய். அம்மாதான் கழற்றினாள். தடம் சிவந்திருந்தது. இன்று அதை நினைத்துத்தான் அழுதோம், சந்தோஷமாகத்தான் அழுதோம்.

குளிரில் மப்ளர் சுற்றிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைத்ததும் வந்துவிடு, ஐந்து வருஷம் போதும். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கு தாயே, மூக்கு முதலில் வரட்டும்.

நீடூழி வாழ்க.

உன் மூக்குக்குச் சொந்தக்காரன்,
அப்பா தெய்வநாயகம்